மூளையைப் பற்றி முதலில் யார் பேசுவது?

தமிழ்நாட்டில் பள்ளிப் பிள்ளைகளிடம் பாடப்புத்தகத்துக்கு வெளியே மூளையைப் பற்றி யார் பேசுகிறார்கள் என்று தேடினால், முதலில் கண்ணில் படுபவர்கள் வியாபாரிகள்தான். ‘மிட் பிரெயின் ஆக்டிவேஷன்’ என்ற பெயரில் ஊருக்கு ஊர் மண்டபம் பிடித்து வகுப்பு நடந்திருக்கிறது. கண்ணைக் கட்டிக்கொண்டு பிள்ளை செய்தித்தாள் வாசிக்கும், அட்டையின் நிறத்தைச் சொல்லும் என்பது விளம்பரம், கட்டணம் ஆயிரக்கணக்கில். விரல் ரேகையை ஸ்கேன் செய்து, இடது மூளைக்காரனா வலது மூளைக்காரனா, பதினொன்றாம் வகுப்பில் எந்த குரூப் எடுக்கலாம் என்று வண்ண அறிக்கை அச்சிட்டுத் தருபவர்கள் இன்னொரு பக்கம். நடுமூளை யாருக்கும் உறங்கிக் கிடக்கும் உறுப்பில்லை. கண் அசைவு, விழிப்புநிலை, சத்தம் வந்த பக்கம் சட்டெனத் திரும்புவது ஆகிய எல்லாவற்றிலும் அதற்குப் பங்கு உண்டு. அங்கிருக்கும் டோபமைன் செல்கள் அழியும்போதுதான் பார்க்கின்சன் நோய் வருகிறது. நடுமூளை வேலை செய்யாத பிள்ளை அந்த மண்டபத்துக்கு நடந்து வந்திருக்கவே முடியாது. மங்களூரைச் சேர்ந்த பகுத்தறிவாளர் நரேந்திர நாயக் இந்த வித்தையைப் பல மேடைகளில் சோதித்துக் காட்டியிருக்கிறார்: கண்கட்டுக்குக் கீழே மூக்கோரம் இருக்கும் இடைவெளியை அடைத்துவிட்டால் வாசிப்பும் நின்றுவிடுகிறது. இவ்வளவு எளிய சோதனையைச் செய்துபார்க்கக் கேட்கத் தோன்றாமல் பணம் கட்டியவர்களில் பட்டதாரிப் பெற்றோர்களும் உண்டு.

பல்கலைக்கழகங்களும் மருத்துவக் கல்லூரிகளும் ஒன்பதாம் வகுப்பு முதல் பதினொன்றாம் வகுப்புவரை படிக்கும் மாணவர்களுக்கு மூளை அறிவியல் குறித்து இலவசமாக, தமிழில், ஆண்டு முழுக்கத் தொடராக உரைகள் நடத்த வேண்டும் என்று நான் சொல்வதற்கு முதல் காரணம் இதுதான். யோசனை புதிதில்லை. லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷன் 1825இல் இளையோருக்கான கிறிஸ்துமஸ் சொற்பொழிவுகளைத் தொடங்கியது. மைக்கேல் ஃபாரடே அவற்றைப் புகழ்பெறச் செய்தார். 1994இல் அந்த மேடையில் ஏறிய சூசன் கிரீன்ஃபீல்டு பேசிய பொருள் மூளை. அந்தத் தொடரை நிகழ்த்திய முதல் பெண்ணும் அவரே. அமெரிக்காவின் டானா அறக்கட்டளை 1996இல் தொடங்கிய ‘மூளை விழிப்புணர்வு வாரம்’ இன்று பல நாடுகளில் பல்கலைக்கழகங்களைப் பள்ளிகளோடு இணைக்கிறது. பெங்களூரிலுள்ள தேசிய மனநல, நரம்பியல் நிறுவனமான நிம்ஹான்ஸில் மூளை அருங்காட்சியகம் இருக்கிறது. பள்ளி மாணவர்கள் உண்மையான மனித மூளையைக் கையில் ஏந்திப் பார்க்கலாம். சென்னை தரமணியிலுள்ள கணித அறிவியல் நிறுவனம் மியூசிக் அகாடமியில் பொதுமக்களுக்கு இலவச அறிவியல் உரைகள் நடத்துகிறது. ஆக, முன்மாதிரிக்குப் பஞ்சமில்லை. ஆனால் உரை நடந்தாலே நன்மை விளைந்துவிடும் என்று நம்புகிறவர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது. எப்படிப்பட்ட உரை என்பதில்தான் எல்லாம் இருக்கிறது; தவறான வகை உரை, மேலே சொன்ன வியாபாரிகளுக்கே ஆள் பிடித்துக் கொடுக்கும்.

இது மிகைப்படுத்தலாகத் தோன்றலாம். 2012இல் சன்னே டெக்கரும் சக ஆய்வாளர்களும் பிரிட்டனிலும் நெதர்லாந்திலும் 242 ஆசிரியர்களிடம் மூளையைப் பற்றிய கூற்றுகளைக் கொடுத்து, எது சரி, எது தவறு என்று கேட்டார்கள். நாம் மூளையில் பத்து சதவீதத்தையே பயன்படுத்துகிறோம், ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு ‘கற்றல் பாணி’ உண்டு, இடது மூளை - வலது மூளைப் பிரிவுதான் மாணவர்களின் வேறுபாட்டுக்குக் காரணம் போன்ற கட்டுக்கதைகள் உண்மையான தகவல்களோடு கலந்திருந்தன. சராசரியாகப் பாதிக் கட்டுக்கதைகளை ஆசிரியர்கள் உண்மை என்று நம்பினார்கள். என்னை உறுத்தும் முடிவு இன்னொன்று: மூளையைப் பற்றிய பொதுஅறிவு அதிகம் இருந்த ஆசிரியர்களையும் அந்த அறிவு கட்டுக்கதைகளிலிருந்து காப்பாற்றவில்லை. ஆர்வத்தோடு தேடித் தேடிப் படிக்கிறவரிடம் சரக்கும் சேர்கிறது, சக்கையும் சேர்கிறது. 2017இல் அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வொன்றில் பொதுமக்கள் 68 சதவீதக் கட்டுக்கதைகளையும், கல்வித்துறையினர் 56 சதவீதத்தையும், மூளை அறிவியல் வகுப்புகள் பல படித்தவர்கள் 46 சதவீதத்தையும் நம்பினார்கள். படிப்பு பயன் தருகிறது என்று இதைக் காட்டி ஆறுதல் கொள்ளலாம். எனக்கோ அந்த 46தான் பெரிதாகத் தெரிகிறது.

யேல் பல்கலைக்கழகத்தில் டீனா வைஸ்பெர்க் 2008இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் கூர்மையானது. மனித நடத்தை ஒன்றுக்கு நல்ல விளக்கம் ஒன்று, ஓட்டை விளக்கம் ஒன்று. இரண்டிலும் ஒரு வடிவத்தில் மட்டும் ‘மூளை ஸ்கேனில் இன்ன பகுதி செயல்பட்டது தெரிந்தது’ என்பதுபோல, விளக்கத்துக்குச் சற்றும் தேவைப்படாத ஒரு வாக்கியம் செருகப்பட்டது. அந்த ஒட்டு வாக்கியம் வந்ததும் ஓட்டை விளக்கம் வாசகர்களுக்கு நியாயமாகப் பட்டது. துறை அறியாதவர்கள் ஏமாந்ததில் வியப்பில்லை. மூளை அறிவியல் வகுப்பில் ஒரு பருவம் முழுக்கப் படித்த மாணவர்களும் பருவத்தின் முடிவில் அதேபோல ஏமாந்தார்கள். தப்பியவர்கள் துறை வல்லுநர்கள் மட்டும். பல்கலைக்கழகத்தில் மாதக்கணக்கில் படித்தவர்களுக்கே இந்தக் கதி என்றால், சனிக்கிழமை காலை ஒன்றரை மணிநேரம் வண்ணப் படங்களைப் பார்த்துவிட்டுப் போகும் பத்தாம் வகுப்பு மாணவிக்கு என்ன ஆகும்? ‘மூளை’ என்ற சொல்லின் மீது பக்தி கூடும். அடுத்த வாரம் விரல் ரேகைக்காரர் அதே சொல்லோடு வரும்போது கதவு ஏற்கெனவே திறந்திருக்கும்.

ஆகவே, தகவலை அள்ளித் தரும் உரைகள் வேண்டாம் என்கிறேன். மாணவரிடம் ஒரே ஒரு கேள்வியைப் பழக்கப்படுத்தும் உரைகள் வேண்டும்: இதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? பாடப்புத்தகம் இந்தக் கேள்விக்கு இடம் தருவதில்லை. அதன் வேலை வேறு. சமச்சீர்ப் பத்தாம் வகுப்பு அறிவியலில் நரம்பு மண்டலம் என்று தனி அலகே இருக்கிறது. பெருமூளை, சிறுமூளை, முகுளம், நியூரானின் படம், அனிச்சை வில் எல்லாம் முறையாக வந்துவிடுகின்றன. படம் வரைந்து பாகம் குறித்தால் மதிப்பெண். முகுளம் சுவாசத்தைக் கட்டுப்படுத்துகிறது என்ற வரி எங்கிருந்து வந்தது, யார் எதைப் பார்த்து அப்படிச் சொன்னார்கள் என்பது அங்கே கிடையாது. அந்த இடைவெளியை நிரப்ப ஆராய்ச்சி செய்கிறவரால்தான் முடியும். அளந்து பார்த்து, தோற்று, மறுபடி அளப்பதைத் தொழிலாகக் கொண்டவர் அவர்.

ஓர் எண்ணை எடுத்துக்கொள்வோம். மனித மூளையில் பத்தாயிரம் கோடி நியூரான்கள் இருக்கின்றன என்று நெடுங்காலம் புத்தகங்கள் எழுதிவந்தன. பிரேசில் விஞ்ஞானி சுசானா ஹெர்குலானோ ஹூசெல் இந்த எண்ணுக்கு மூலம் தேடினார். யார் எண்ணினார்கள் என்பதற்கு ஆதாரமே கிடைக்கவில்லை. அவரும் சக ஆய்வாளர்களும் மூளைத் திசுவைச் சீரான கரைசலாக்கி, அதில் மிதக்கும் செல் உட்கருக்களுக்குச் சாயமேற்றி, சிறு மாதிரிகளில் எண்ணிப் பெருக்கிப் பார்த்தார்கள். 2009இல் வந்த விடை: ஏறத்தாழ 8,600 கோடி. அதுவும் நான்கு ஆண்களின் மூளைகளிலிருந்து பெறப்பட்டது. பெண்கள் இல்லை, குழந்தைகள் இல்லை, நான்கே பேர். இந்தக் கதையை அரை மணிநேரம் நிதானமாகச் சொன்னால் பதினைந்து வயது மாணவருக்கு மூன்று விஷயங்கள் ஒருசேரப் பிடிபடும்: அச்சில் இருப்பதெல்லாம் அளக்கப்பட்டதில்லை, அளக்க ஒரு தந்திரம் வேண்டும், அளந்த பிறகும் ‘எத்தனை பேரிடம்?’ என்று கேட்க வேண்டும். மூன்றாவது கேள்வி கைவந்துவிட்டால், மண்டபத்து மேடையில் நிற்பவருக்குச் சங்கடம் ஆரம்பித்துவிடும்.

மூளை அறிவியலுக்குக் கோடிக்கணக்கில் கருவி வேண்டும், பள்ளி மாணவர் எதைச் செய்துபார்க்க முடியும் என்று கேட்பவர்கள் ஜெர்மன் விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸை நினைத்துப் பார்க்கலாம். நரம்பில் செய்தி செல்லும் வேகத்தை அளக்கவே முடியாது என்று அவருடைய ஆசிரியர் யோஹனஸ் முல்லர் கருதினார். 1850இல் ஹெர்மன் ஹெல்ம்ஹோல்ட்ஸ் தவளையின் கால் நரம்பைத் தசைக்கு அருகில் ஓரிடத்திலும் தொலைவில் ஓரிடத்திலும் மின்சாரத்தால் தூண்டி, தசை சுருங்க எடுத்த நேர வித்தியாசத்திலிருந்து வேகத்தைக் கணக்கிட்டார். நொடிக்குச் சுமார் 27 மீட்டர். எண்ணத்தைப் போல வேகமானது எதுவுமில்லை என்று நம்பியிருந்த காலத்தில், ஓடும் ரயிலோடு ஒப்பிடக்கூடிய ஓர் எண் கிடைத்தது. இதே தந்திரத்தைத் தவளை இல்லாமல், செலவில்லாமல் வகுப்பில் செய்யலாம். முப்பது மாணவர்கள் வரிசையாக அமர்ந்து, ஒவ்வொருவரும் அடுத்தவரின் கணுக்காலைப் பிடித்துக்கொள்ள வேண்டும். தன் கணுக்காலில் அழுத்தம் உணர்ந்ததும் அடுத்தவரின் கணுக்காலை அழுத்த வேண்டும். முதல் ஆள் தொடங்குவது முதல் கடைசி ஆள் கை தூக்குவதுவரை ஆகும் நேரத்தை நிறுத்துக் கடிகாரம் சொல்லும். பிறகு இதையே தோளைப் பிடித்துக்கொண்டு செய்ய வேண்டும். கணுக்காலிலிருந்து மூளைக்குப் போகும் பாதை, தோளிலிருந்து போவதைவிட ஏறத்தாழ ஒரு மீட்டர் அதிகம். முப்பது பேருக்கு முப்பது மீட்டர். நரம்பில் செய்தி நொடிக்கு 50 மீட்டர் வேகத்தில் போகிறது என்று கொண்டால், இரண்டு சுற்றுகளுக்கும் அரை நொடிக்குச் சற்றுக் கூடுதலான வித்தியாசம் வர வேண்டும். வந்தால் மகிழ்ச்சி, வராவிட்டால் இன்னும் நல்லது. ஏன் வரவில்லை என்று பேசத் தொடங்கினால் பழக்கத்தால் வேகம் கூடுவது, யாரோ ஒருவர் அசட்டையாக இருந்தது, முதலில் கணுக்காலைச் செய்ததா தோளைச் செய்ததா என்பதெல்லாம் வெளிவரும். பல சுற்று ஓடவிட்டுச் சராசரி எடுக்க வேண்டும் என்று அவர்களே சொல்வார்கள். இயற்பியலும் உயிரியலும் புள்ளியியலும் ஒரே மேசையில் உட்காரும். பதினொன்றாம் வகுப்பில் கணிதமா உயிரியலா என்று பிள்ளைகளைப் பிரித்து அனுப்பும் நம் ஏற்பாட்டில் இப்படியொரு காட்சி அபூர்வம்.

மனிதக் கதைகளும் இருக்கின்றன. வலிப்பை நிறுத்துவதற்காக 1953இல் ஹென்றி மொலைசன் என்ற 27 வயது அமெரிக்கருக்கு மூளையின் இரு பக்கமும் ஹிப்போகாம்பஸ் பகுதி அகற்றப்பட்டது. அதன் பிறகு 2008இல் இறக்கும்வரை புதிய நிகழ்ச்சி எதையும் அவரால் நினைவில் நிறுத்த முடியவில்லை. உளவியலாளர் பிரெண்டா மில்னர் அவருக்கு ஒரு வேலை கொடுத்தார்: கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்துக்கொண்டு நட்சத்திரம் ஒன்றின் கோட்டோடு பென்சிலை ஓட்ட வேண்டும். நாளுக்கு நாள் அவர் கை தேர்ச்சி பெற்றது. ஆனால் ஒவ்வொரு நாளும் இதை முதல்முறையாகச் செய்வதாகவே அவர் நினைத்தார். நினைவு என்பது ஒரே பொருளில்லை என்று அறிவியலுக்குத் தெரிந்தது இப்படித்தான். ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியும் தாளும் இருந்தால் சோதனையின் ஒரு பாதியை எந்தப் பள்ளியிலும் செய்து பார்க்கலாம். மறுபாதி விவாதத்துக்கு உரியது: அந்த மனிதரின் சம்மதம் என்னவாக இருந்தது, அவரால் எதற்குச் சம்மதிக்க முடிந்திருக்கும்? பதினாறு வயதுப் பிள்ளைகள் இதைப் பேசத் திராணியில்லாதவர்கள் என்று நான் நினைக்கவில்லை.

வியாபாரிகளிடமிருந்து காப்பது மட்டுமே நோக்கமென்றால் இவ்வளவு முயற்சி எதற்கு என்று கேட்கலாம். விஷயம் அதைவிடப் பெரிது. தெருவில் ஒருவருக்கு வலிப்பு வந்தால் கையில் சாவிக்கொத்தையோ இரும்பையோ திணிப்பது நம் ஊர் வழக்கம். வலிப்பு தானாகவே ஓரிரு நிமிடங்களில் அடங்குவதால், இரும்புதான் அடக்கியது என்ற நம்பிக்கை தலைமுறை தலைமுறையாக உறுதிப்பட்டுவந்திருக்கிறது. இரும்பு கொடுக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று ஒப்பிட்டுப் பார்க்க யாரும் முனைந்ததில்லை. ‘எப்படித் தெரியும்?’ என்ற கேள்வி இல்லாத இடத்தில் அனுபவமே பொய்ச்சாட்சி சொல்லும். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தபோது சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்கள் தப்பியோட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். அவர்களை அங்கே கொண்டுவந்து விட்ட குடும்பங்களுக்குக் கொடுமை செய்யும் எண்ணம் இருந்திருக்காது. நோயை நோயென்று அறிய வழியில்லாமல் போனது. நிம்ஹான்ஸ் 2015-16இல் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாடும் இருந்தது. 13 முதல் 17 வயதுள்ளோரில் 7.3 சதவீதம் பேருக்கு ஏதேனும் ஒரு மனநலக் கோளாறு இருப்பதாக அது மதிப்பிட்டது; மனநலக் கோளாறுள்ளோரில் சிகிச்சை கிடைக்காதோர் விகிதம் நோயின் வகையைப் பொறுத்து 70 முதல் 92 சதவீதம்வரை. அந்த 7.3 சதவீதத்தை, நாற்பது பேர் உள்ள வகுப்பில் இரண்டு மூன்று பேர் என்று வைத்துக்கொள்ளலாம். மூளையும் மற்ற உறுப்புகளைப் போல நோய்ப்படும் என்பதை வெள்ளை அங்கி அணிந்த ஒருவர் நேரில் வந்து, கேள்விகளுக்குப் பதில் சொல்லி விளக்குவதும், சுவரொட்டி ஒட்டுவதும் ஒன்றாகாது.

இனி, மறுப்புகள். பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி மதிப்பெண்ணைப் பற்றியது. நீட் தேர்வும் பொதுத்தேர்வும் கழுத்தில் நிற்கும்போது இது தேவையா? மூளை வளரக்கூடியது என்று கற்பித்தால் மதிப்பெண் உயரும் என்று சொல்லி இந்தத் திட்டத்தை விற்க எனக்கு ஆசை வரலாம். ஆனால் சான்று அந்த அளவுக்கு இடம் தரவில்லை. 2019இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில் ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் ஏறத்தாழ 12,000 பேர் பங்கேற்றார்கள்; அவர்களில் ஒரு பகுதியினருக்கு ஒரு மணிநேரத்துக்கும் குறைவான இணையப் பாடத்தில், முயற்சியால் அறிவுத்திறன் வளரும் என்று சொல்லப்பட்டது. பின்தங்கிய மாணவர்களின் சராசரிக் கிரேடு நான்குக்கு 0.1 அளவு உயர்ந்தது. செலவைப் பார்த்தால் நல்ல பலன்தான். ஆனாலும் சிறிய பலன். மதிப்பெண்ணுக்காக என்று கூப்பிட்டால் மதிப்பெண் வராதபோது கூட்டம் கலைந்துவிடும். நேரத்தைப் பொறுத்தவரை, ஆண்டுக்கு ஆறு அமர்வு, ஒவ்வொன்றும் இரண்டு மணிநேரம் என்றால் பன்னிரண்டு மணிநேரம். டியூஷன் மையங்கள் ஒரே வாரத்தில் எடுத்துக்கொள்வது இதைவிட அதிகம். 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வை நீக்கிவிட்டதால் அந்த ஓராண்டில் கொஞ்சம் மூச்சுவிட இடம் கிடைத்திருக்கிறது. அதைப் பன்னிரண்டாம் வகுப்புப் பாடம் விழுங்குவதற்குள் பிடித்துக்கொள்ள வேண்டும். உலக மூளை விழிப்புணர்வு வாரம் மார்ச் நடுவில் வருகிறது என்பதற்காக நாமும் மார்ச்சில் நடத்தினால் பொதுத்தேர்வு அறை வாசலில் நின்று உரையாற்ற வேண்டியிருக்கும். ஜூலையே நமக்குச் சரி.

இரண்டாவது மறுப்பு கனமானது. கல்வி ஆய்வாளர்களிடமிருந்து வருவது. பிரிட்டனில் லூயிஸ் ஆர்ச்சர் குழுவினர் பல்லாயிரம் பிள்ளைகளிடம் நடத்திய நீண்டகால ஆய்வில், பெரும்பாலோருக்கு அறிவியல் பிடித்திருந்தது. ஆனால் விஞ்ஞானி ஆக விரும்பியவர்கள் சுமார் 15 சதவீதமே. இதே குழு லண்டன் பெண்கள் பள்ளி ஒன்றில் 13, 14 வயது மாணவிகளுக்கு ஆறு வாரம் விருந்தினர் உரைகளும் வெளிப் பயணங்களும் ஏற்பாடு செய்து பார்த்தது. மாணவிகள் ரசித்தார்கள், அறிவியல் படித்தால் என்னென்ன வேலைக்குப் போகலாம் என்ற புரிதல் விரிந்தது, எதிர்கால விருப்பம் மட்டும் குறிப்பிடும்படி மாறவில்லை. அப்படியானால் இலவச உரைகள் வீண்தானே? எதிர்கால விஞ்ஞானிகளைப் பிடிக்கும் வலையாக நினைத்தால், ஆம், பெரும்பாலும் வீண். நம் பல்கலைக்கழகங்கள் பள்ளிகளுக்கு வரும்போது பெரும்பாலும் சேர்க்கை விளம்பரமாக வருவதும் இந்த நினைப்பால்தான். என் எதிர்பார்ப்பு வேறு. வந்தவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் வங்கியிலும் கடையிலும் வயலிலும் வேலைக்குப் போகட்டும். நாளை அவர்கள் பெற்றோராகி ஒரு விளம்பரத் துண்டறிக்கையைக் கையில் வாங்கும்போது என்ன கேட்கிறார்கள் என்பதுதான் எனக்கு முக்கியம். ஆனால் ஆர்ச்சரின் முடிவிலிருந்து ஒன்றை ஏற்றே ஆக வேண்டும்: வந்தோம், பேசினோம், பொன்னாடை வாங்கினோம் என்று போகும் ஒற்றை உரைக்குச் செலவழிக்கும் டீசல்கூட நட்டம். ஒரே மாணவர் குழு, ஒரே பேச்சாளர்கள், ஆண்டு முழுக்க ஆறு சந்திப்புகள். கூடவே அந்தப் பள்ளியின் அறிவியல் ஆசிரியர் ஒருவர் முழுநேரமும் இருக்க வேண்டும். டெக்கரின் ஆய்வு ஆசிரியர்களைப் பற்றியது என்பதை மறக்கக் கூடாது.

யார் செய்வது, எங்கே செய்வது என்பதில் சிக்கல் குறைவு. நாட்டின் முதல் நரம்பு அறுவைச் சிகிச்சைத் துறையை ஜேக்கப் சாண்டி 1949இல் தொடங்கியது வேலூரில். அடுத்த ஆண்டே சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் பி. ராமமூர்த்தி அந்தத் துறையைக் கட்டத் தொடங்கினார். 2024 டிசம்பரில் ஐஐடி மெட்ராஸின் மூளை ஆய்வு மையம் கருவிலிருக்கும் சிசுவின் மூளையை 5,132 வெட்டுப் படங்களாக, ‘தரணி’ என்ற பெயரில் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி இணையத்தில் வெளியிட்டது. உலக ஆய்வாளர்கள் பயன்படுத்தும் இந்தப் படங்களை அரசுப் பள்ளியின் உயர் தொழில்நுட்ப ஆய்வகக் கணினியில் திறந்து காட்ட ஒரு வழிகாட்டி வேண்டும், அவ்வளவுதான். 2022 ஜனவரியில் விருதுநகர், ராமநாதபுரம், கள்ளக்குறிச்சி, அரியலூர், நீலகிரி உள்ளிட்ட இடங்களில் ஒரே நாளில் 11 அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. ஒவ்வொன்றிலும் உடற்கூறியல் துறையும் உடலியங்கியல் துறையும் உண்டு. மதுரை, சென்னை தாண்டி நிபுணர் கிடைக்க மாட்டார் என்ற சாக்கு இனிச் செல்லாது. பேராசிரியர்களுக்கு நேரமில்லை என்பார்கள். நோயாளிகளையும் கோப்புகளையும் பார்க்கும்போது அது பொய்யுமில்லை. ஆனால் மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை 2022இல் வெளியிட்ட வழிகாட்டுதல், அறிவியலாளர் ஒவ்வொருவரும் ஆண்டுக்குக் குறைந்தது பத்து நாள் சமூகப் பொறுப்புப் பணிக்கு ஒதுக்க வேண்டும் என்கிறது. தாளில் இருக்கும் இந்தப் பத்து நாளைப் பதவி உயர்வு மதிப்பீட்டில் சேர்த்தால் நேரம் எங்கிருந்தோ வந்துவிடும். பள்ளிக் கல்வித் துறையின் வானவில் மன்றம் 2022 நவம்பர் முதல் ஆறு முதல் எட்டாம் வகுப்புவரையுள்ள அரசுப் பள்ளி மாணவர்களுக்குச் சோதனைகளை வகுப்பறைக்கே கொண்டுபோகிறது. அது விட்ட இடத்தில், ஒன்பதாம் வகுப்பில், கல்லூரிகள் தொடங்கலாம்.

மொழியைப் பற்றி அதிகம் வாதாட வேண்டியதில்லை. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி.எஸ். ராமச்சந்திரன் 2003இல் பிபிசியின் ரீத் சொற்பொழிவுகளை மூளை அறிவியல் குறித்து நிகழ்த்தினார். ஐந்தில் ஒன்று சென்னையில் நடந்தது. கை இழந்தவர்களின் மாய வலியைச் சாதாரணக் கண்ணாடிப் பெட்டியால் தணித்துக் காட்டியவர் அவர். அந்த உரை ஆங்கிலத்தில் இருந்தது, அன்றைக்கு அது இயல்பு. ஆனால் இருபது ஆண்டுகளுக்குப் பிறகும் நகரத்தின் இலவச உரைகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே நடப்பதற்குக் கலைச்சொல் பற்றாக்குறை காரணமில்லை. அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே யாழ்ப்பாணத்து மானிப்பாயில் தமிழில் மருத்துவம் கற்பித்தார், மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். இன்றைய மாணவர் நியூரான், சினாப்ஸ், ஆக்சான் என்ற சொற்களைத் தமிழ்ப் பாடப்புத்தகத்திலேயே படிக்கிறார். தடுமாறப்போவது பேச்சாளர்தான், இரண்டு மூன்று அமர்வுகளில் அவருக்கும் பழகிவிடும்.

எனக்கு உண்மையாகவே பயம் தருவது வேறொன்று. 1990களின் இறுதியில் மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தில் நார்பர்ட் மிஸ்லின்ஸ்கி தொடங்கிய ‘பிரெயின் பீ’ என்ற வினாடி-வினாப் போட்டி உலகளவில் வளர்ந்திருக்கிறது. அங்கே அது நல்ல வேலை செய்திருக்கலாம். நம் மண்ணில் போட்டி என்றால் கோப்பை, கோப்பை என்றால் பயிற்சி மையம், பயிற்சி மையம் என்றால் மனப்பாடம். ஆறே மாதத்தில் ‘பிரெயின் பீ கிராஷ் கோர்ஸ்’ பலகை தொங்கும்; முகுளத்தின் வேலையை முந்திக்கொண்டு சொல்கிறவர் வெல்வார். எனவே இந்தத் தொடரில் பரிசு, தரவரிசை, நுழைவுத் தேர்வு எதுவும் இருக்கக் கூடாது. பதிவு முந்தியவர்களுக்கு இடம் என்றும் வைக்கக் கூடாது. வாட்ஸ்அப்பில் அறிவிப்பைப் பார்த்து முதல் பத்து நிமிடத்தில் பதிவு செய்கிற குடும்பங்களின் பிள்ளைகளுக்கு வேறு பத்து வாசல்கள் திறந்திருக்கின்றன. கல்லூரியைச் சுற்றியுள்ள அரசு, உதவிபெறும் பள்ளிகளிலிருந்து வகுப்பு வகுப்பாக அழைக்க வேண்டும். பேருந்துச் செலவை நடத்துகிறவர்களே ஏற்க வேண்டும். வந்துபோகும் செலவு மாணவர் தலையில் விழுந்தால் ‘இலவசம்’ என்பதற்குப் பொருளில்லை. உடற்கூறியல் கூடத்தில் உண்மையான மூளையைக் காட்டுவதாக இருந்தால், உடல்தானம் செய்தவரைப் பற்றிய நாலு வார்த்தை முதலில் வர வேண்டும், செல்பி வேண்டாம்.

நடத்துகிறவர்கள் தங்கள் வேலையையும் அளந்து பார்க்க வேண்டும். முதல் அமர்வுக்கு முன்பும் ஆறாவது அமர்வுக்குப் பிறகும் வைஸ்பெர்க் கையாண்ட முறையில் நாலைந்து விளக்கங்களைக் கொடுத்து, எது நியாயம், எது வெறும் ஒட்டு வேலை என்று மாணவர்களைப் பிரிக்கச் சொல்லலாம். தொடருக்கு வராத பக்கத்துப் பள்ளி வகுப்புக்கும் அதையே கொடுத்து ஒப்பிடலாம். செலவு, தாள் செலவுதான். யேலில் ஒரு பருவம் படித்தவர்களே தேறவில்லை என்பதால் நம் மாணவர்களும் தேறாமல் போக வாய்ப்பு நிறைய உண்டு. அப்படி ஆனால் அந்த முடிவை அந்தந்தக் கல்லூரியின் இணையதளத்தில் தமிழில் அப்படியே போட்டுவிட்டு, அடுத்த ஜூலையில் உரையைக் குறைத்துச் சோதனையைக் கூட்டிப் பார்க்கட்டும்.